அடுப்படியில் குக்கர், கூடத்தில் காது

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூடத்தில் வந்து உட்காருகிறவருக்கு உள்ளே நடப்பது எதுவும் கண்ணில் படாது. நடுவில் சுவர். தண்ணீர் கொதிக்கிறதா, ஆவி கட்டிவிட்டதா, காஸ்கெட் ஓரமாகக் கசிகிறதா, எல்லாம் விசிலை வைத்துத்தான் தெரியும். மூன்று விசில் என்றால் எழுந்துபோய் அணைப்பார். நாலாவதும் ஐந்தாவதும் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்தே குரல் கொடுத்துவிடுவார்கள்.

கார் ஓட்டுகிறவர் நிலைமையும் அதேதான். பானெட்டுக்கு அடியில் அடுப்படி. ஸ்டீயரிங்குக்கு இந்தப் பக்கம் கூடம். இரண்டுக்கும் நடுவே, ஃபயர்வால் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தகட்டுச் சுவர். எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கூடத்தில் இருப்பவருக்குச் சொல்ல முன்பெல்லாம் ஒரு முள் மீட்டர் இருந்தது. இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் அந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்துவிட்டால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்களிலும் அது முழு உண்மையைப் பேசுவதில்லை. எழுபது எண்பது டிகிரியிலிருந்து நூறு வரை, சில கார்களில் நூறைத் தாண்டியும், முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி தயாரிக்கும் இடத்திலேயே அமைத்துவிடுவது பரவலான வழக்கம். முள் லேசாக ஏறி இறங்கினாலே வாங்கியவர் பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்கு வந்து நிற்கிறார் என்பதால் செய்த ஏற்பாடு இது. அந்த முள் நகரத் தொடங்கும்போது விஷயம் பெரும்பாலும் முற்றிப் போயிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தனியாக ஒரு எலெக்ட்ரானிக் டெம்பரேச்சர் கேஜ் வாங்கிப் பொருத்துகிறார்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற கடைத்தெருவில் கேட்டால் வட்டமான கேஜ், சென்சார், ஒரு வயர் கட்டு என்று பெட்டியோடு எடுத்துத் தருவார்கள். கேஜின் வழக்கமான அளவு 52 மில்லிமீட்டர் விட்டம். கொஞ்சம் பெரியது வேண்டுமென்றால் 60. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது கேஜை எங்கே பதித்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. சென்சார் எங்கே உட்காருகிறது என்பது முதல் கேள்வி. கரண்டி எந்தப் பாத்திரத்தில் இறங்குகிறதோ அந்தப் பாத்திரத்தின் ருசிதானே நாக்குக்குத் தெரியும்?

குக்கருக்குள் என்ன நடக்கிறது

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் பாதை, வேலை செய்யும் முறையில் ஒரு பிரஷர் குக்கரேதான். குக்கர் மூடியின் மேல் இருக்கும் வெயிட், உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் சேரும்வரை ஆவியை விடாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகக் காரணம் அதுதான். ரேடியேட்டர் மூடியைப் புரட்டிப் பார்த்தால் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். அதுவும் பார் கணக்குதான். மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங், குக்கர் வெயிட்டின் வேலையைச் செய்கிறது. தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். இந்த மூடிக்கு அடியில் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் அதே எஞ்சின், அதே வெயில், அதே ரோட்டில் கொதித்துவிடும். ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாத மூடி ஹெட் காஸ்கெட் செலவை இழுத்துவிடுவது இப்படித்தான்.

குக்கரில் இல்லாத இரண்டு பேர் இங்கே கூடுதலாக இருக்கிறார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட். மெழுகு அடைத்த சின்ன வால்வு. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் சுற்றை அடைத்து வைத்திருந்து, 82 அல்லது 88 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்ததும் வழிவிடும். இன்னொருவர் ஃபேன். பல கார்களில் 95-க்கும் 100-க்கும் இடையில் எங்கோ ஓடத் தொடங்கும். ஆக, ஆரோக்கியமான எஞ்சின் சமவெளியில் 85 முதல் 98 வரை ஏறி இறங்கிக்கொண்டிருப்பது இயல்பு. கேஜ் மாட்டிய புதிதில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காருக்கு வெளியிலிருந்து வாங்கி மாட்டும் கேஜ் இந்தக் காலத்துப் பழக்கமும் அல்ல. 1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின் மேலேயே செருகும் கண்ணாடிக் குழாய் வெப்பமானி. உள்ளே சிவப்புத் திரவம் ஏறுவதை ஓட்டுகிறவர் கண்ணாடி வழியே, சாலையைப் பார்த்தபடியே பார்க்கலாம். ஃபோர்டின் மாடல் டி காரில் தண்ணீர்ச் சூட்டைக் காட்ட எதுவும் இல்லாததால் அதில் பலர் இதை வாங்கி மாட்டினார்கள். கண் சாலையை விட்டு இறங்கவே வேண்டாம் என்ற வகையில், அதற்குப் பிறகு டேஷ்போர்டில் வந்த எந்தக் கேஜும் அந்த இடத்துக்கு ஈடாகவில்லை. பிற்பாடு ரேடியேட்டர் மூடி பானெட்டுக்குள் மறைந்துபோக, கேஜ் டேஷ்போர்டுக்குக் குடிவந்தது.

நாக்கு எந்தப் பாத்திரத்தில்

எலெக்ட்ரானிக் கேஜின் சென்சார் ஒரு பித்தளைத் திருகு. அதன் முனைக்குள் தெர்மிஸ்டர் என்னும் சின்ன மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பந்தயக் கார்களில் புழங்கும் போஷ் சென்சார் ஒன்றை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் 2,500 ஓம். 100 டிகிரியில் 186 ஓம். கேஜ் தன்னிடமிருந்து 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்க்கும். நிலையான தடை 1,000 ஓம் என்று வைத்தால், குளிர்ந்த எஞ்சினில் சுமார் 3.57 வோல்ட், 100 டிகிரியில் 0.78 வோல்ட். இந்த வோல்ட்டுக்கு இந்த டிகிரி என்ற பட்டியல் கேஜின் நினைவில் இருக்கிறது. ஒரு கம்பெனி கேஜுக்கு இன்னொரு கம்பெனி சென்சாரை மாட்டினால் ஏன் தப்பாகக் காட்டும் என்பதும் இதிலிருந்தே புரியும். திருகு பொருந்தும்; பட்டியல் பொருந்தாது.

இனி அந்தத் திருகை எங்கே இறக்குவது? கடைக்காரர் கையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஒரு அலுமினியக் குழாய்த் துண்டு. ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் அறுத்து, இந்தத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினால் ஆயிற்று. துண்டின் நடுவில் சென்சாருக்கான மரையிட்ட துளை இருக்கும். செய்ய லேசான வேலை. ஆனால் மேல் ஹோஸில் கூலன்ட் ஓடுவதே தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான். எஞ்சினுக்குள் 80 டிகிரி இருக்கும்போது கேஜ் நாற்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். வால்வு திறந்ததும் சட்டென்று ஏறும். அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. எஞ்சினுக்குள் கொதிக்கும், மேல் ஹோஸில் ஓட்டமே இருக்காது, கேஜ் குளிர்ச்சியாக ஐம்பதைக் காட்டும். சாம்பார் பொங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருக்கும் மோர்ப் பாத்திரத்தில் விரல் வைத்துப் பார்த்த கதை.

இதைவிட நல்ல இடம் ஹீட்டர் ஹோஸ். காருக்குள் வெந்நீர்ச் சூட்டைக் கொண்டுவரும் மெல்லிய ரப்பர்க் குழாய் அது. பெரும்பாலான இன்றைய கார்களில் தெர்மோஸ்டாட் திறந்தாலும் மூடினாலும் அதில் கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹீட்டரைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் காற்றுப் பாதையில் உள்ள மடலின் வேலை. குழாயின் வெளிவிட்டத்தை அளந்துவிட்டால் ஏமாந்துபோவோம். உள்விட்டம்தான் கணக்கு, பெரும்பாலும் 16 முதல் 19 மில்லிமீட்டர். அதற்கேற்ற சின்னத் துண்டும் கிடைக்கிறது. எஞ்சின் ஹெட்டிலேயே அடைத்து வைத்த உபரித் துளை இருக்கும் பழைய கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் அரியணை.

கம்பெனி சென்சாரிலிருந்தே ஒரு வயரைப் பிரித்தெடுத்துவிடலாமே என்று சில கடைகளில் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். அந்தச் சென்சாரைப் படித்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவையும் ஃபேனையும் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன வோல்ட் கணக்கில் இன்னொரு தடை புகுந்தால் கம்ப்யூட்டருக்கும் தப்பான சூடு தெரியும், ஃபேன் நேரத்துக்கு வராது.

அலுமினியத் துண்டு போடுகிறவர்கள் தவறவிடும் ஒன்று எர்த். ஒற்றை வயர் சென்சார், தன் மின்சுற்றை முடிக்கத் தன் உடம்பையே நம்பியிருக்கிறது. துண்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர். எஞ்சினோடு அதற்கு மின்தொடர்பே கிடையாது. துண்டிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் வயர் தனியாக இழுக்காவிட்டால் கேஜ் எதையாவது காட்டும், அல்லது எதையுமே காட்டாது. மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினாலும் தொடர்பு கெடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் இரட்டை வயர் சென்சாராகக் கேட்டு வாங்குங்கள். எர்த்துக்கும் சேர்த்துத் தனி வயர் அதிலேயே இருக்கும்.

ஹோஸை அறுக்கவே மனம் வராதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே 16 துளை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் கேஜ், எஞ்சின் கம்ப்யூட்டரிடமே சூட்டைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் ஒரு எண்ணை அனுப்பும். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி. 130 என்று வந்தால் 90 டிகிரி. தயாரிப்பாளர் முள்ளுக்குச் செய்த பூச்சு வேலை இந்த எண்ணில் இருக்காது, அசல் அளவு அப்படியே வரும். ஒரு வயரையும் வெட்டவில்லை என்பதால் வாரண்டி பேச்சும் எழாது. கார் இன்னும் வாரண்டியில் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சாக்கெட்டின் 16-ஆம் துளையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் நிற்கும். சாவியை எடுத்த பிறகும் தூங்காத மலிவு கேஜ், ஊருக்குப் போய்விட்டு வருவதற்குள் பேட்டரியை உறிஞ்சிவிடும். இன்னொன்று, கம்பெனி சென்சாரே பழுதானால் இந்தக் கேஜும் அதன் பொய்யைத்தான் சொல்லும். தனிச் சென்சாருக்கு இருக்கும் பெருமை அங்கேதான்.

சுவரைத் தாண்டி

அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வயர் வர வேண்டும். கேஸ் சிலிண்டரை வெளியே வைத்து, சுவரில் ஓட்டை போட்டு டியூப்பை உள்ளே இழுக்கும் வீடுகளில் அந்த ஓட்டைக்கு ஒரு பிவிசி குழாய் போடுவார்கள். இல்லாவிட்டால் சிமென்ட் விளிம்பு டியூப்பை அறுத்துவிடும். ஃபயர்வாலிலும் அதேதான் காரியம். தகட்டின் கூர் விளிம்பு, எஞ்சின் அதிர்வு, வயரின் மெல்லிய தோல் மூன்றும் சேர்ந்தால் சில மாதங்களில் ஷார்ட். புதிதாகத் துளை போடுவதற்கு முன் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். முக்கிய வயர் கட்டு நுழையும் இடத்தில் பெரிய ரப்பர் குரோமெட் இருக்கும். இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டு வகை ஸ்டீயரிங்குக்கும் தயாராகும் கார்களில் மறுபக்கத் துளையை ரப்பரால் அடைத்து வைத்திருப்பார்கள். நமக்காகவே விட்டு வைத்தது போல இருக்கும். வயர் உள்ளே நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். மழைத் தண்ணீர் வயரோடு ஓடிவந்தாலும் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். உள்ளே வந்தபின் பெடல்கள் அசையும் பாதையிலும், ஸ்டீயரிங் தண்டு சுழலும் இடத்திலும் வயர் போகவே கூடாது. பிரேக் பெடலில் சுற்றிய வயரைவிடக் கேஜ் இல்லாத கார் மேல்.

மின்சாரம் எடுக்க உட்புற ஃபியூஸ் பெட்டியே போதும். ஃபியூஸ் டேப் என்று கேட்டால் கிடைக்கும்; இருக்கும் ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகினால் பழைய ஃபியூஸும் நமக்கான புது ஃபியூஸும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். கேஜ் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு, 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். பத்து ஆம்பியர் போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் உருகிவிடக்கூடும். சாவி போட்டதும் வந்து, ஸ்டார்ட் பண்ணும்போதும் அறுபடாமல் நிற்கும் லைனாகப் பாருங்கள்; ரேடியோ லைன் பல கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது நின்றுவிடும், கேஜ் ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ்களின் பக்கமே போக வேண்டாம். வயரின் தோலைக் கிள்ளிக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்புகள் வேகமாக வேலை முடிக்க உதவும், அதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றிவிட்டால் காரின் ஆயுசுக்கும் அந்த இணைப்பைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

கூடத்தில் எந்த ஆணியில் மாட்டுவது

இப்போதுதான் எல்லோரும் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். படங்களில் பார்த்துப் பலரும் ஆசைப்படுவது ஏ பில்லர், அதாவது முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண். கண்ணுக்கு நேராக இருக்கிறது, பந்தயக் கார் களை வந்துவிடுகிறது. அந்தத் தூணின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். உறையில் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகள் அச்சாகியிருந்தால் சந்தேகமே இல்லை. அங்கே திருகு இறங்கினால் பையைக் குத்தலாம். பை விரியும்போது கேஜ் பிய்ந்துகொண்டு முகத்துக்கு வரலாம். கர்ட்டன் ஏர்பேக் இல்லாத பழைய கார்களிலும் எனக்கு அந்த இடத்தில் உடன்பாடில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வருவது தெரிவதும் மறைவதும் அந்தத் தூணின் தடிமனைப் பொறுத்தது. அதை இன்னும் தடிமனாக்குவானேன்?

பயணி இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் மேற்புறம் முழுவதும் ஏர்பேக்கின் ராஜ்ஜியம். அங்கே பிள்ளையார் சிலைகூட ஒட்டக் கூடாது என்பது என் கருத்து. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கடுத்த சில ஆண்டுகளில் பயணிக்கும் கட்டாயமானது. ஆகவே உங்கள் காரில் இரண்டும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு இடம் தேடுங்கள். மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது, கை வைக்க வேண்டாம். பேனலைக் கழற்றும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பது நல்லது. அந்தச் சுற்றில் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும்.

ஏசி காற்று வரும் வட்டத் துவாரத்தில் 52 மில்லிமீட்டர் கேஜ் அழகாக உட்காரும், அதற்கென்றே வார்த்த வளையங்களும் விற்கிறார்கள். வேலூர், திருச்சி வெயிலில் கார் ஓட்டியவர்கள் யாரும் ஒரு துவாரத்தைப் பலிகொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மிஞ்சுவது மூன்று இடம்: மீட்டர் பெட்டியின் குடை ஓரம், ஸ்டீயரிங் தண்டின் மேல் உறை, நடுப் பேனலில் காசு போடும் பெட்டியோ காலி சுவிட்ச் இடமோ. முதலாவதுதான் என் தேர்வு. ஸ்டீயரிங் தண்டில் வைத்தால் ஸ்டீயரிங்கின் வளையமே பாதியை மறைத்துவிடும். காசுப் பெட்டி வெட்டுவதற்குச் சுலபம், பார்ப்பதற்குத் தாழ்வு. சாலையிலிருந்து கண் 30 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது என்பது ஜப்பான் கார் தயாரிப்பாளர்களின் சங்கம் திரைகளுக்கு வகுத்த அளவு. ஒரு பார்வை 2 வினாடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2013 வழிகாட்டி சொல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 வினாடிக்குள் கார் 33 மீட்டர் போய்விடும். நமக்கு அதில் பாதிகூட அதிகம்.

இடம் முடிவானதும் அட்டையில் 52 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி அங்கே ஒட்டி, வழக்கமான இருக்கை நிலையில் உட்கார்ந்து, பகலிலும் இரவிலும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மறைகிறதா, கேஜின் வெளிச்சம் முன்கண்ணாடியில் நிழலாடுமா என்று தெரிந்துவிடும். கேஜின் முகம் ஓட்டுகிறவர் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும், கூரையைப் பார்க்கக் கூடாது. முள் கேஜ் என்றால் பந்தயக்காரர்களின் பழைய உத்தி ஒன்றைக் கடைப்பிடிக்கலாம். வழக்கமான சூட்டில் முள் செங்குத்தாக நிற்கும்படி கேஜையே கொஞ்சம் சுழற்றி வைத்து இறுக்குவார்கள். எண்களைப் படிக்கவே வேண்டாம், முள் சாய்ந்தால் ஏதோ சரியில்லை. எனக்கு டிஜிட்டலைவிட முள்தான் பிடிக்கும், காரணம் இதுதான். 91, 92, 91 என்று துடிக்கும் எண்ணைப் படித்துப் பொருள் பார்க்க மூளைக்கு ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கிறது.

வெட்டும்போது பேனலைக் கழற்றி மேசை மேல் வைத்து வெட்டுங்கள். காரில் இருந்தபடியே துளை போட்டுப் பின்னாலிருக்கும் வயர் கட்டை அறுத்த கைவேலைகள் நிறைய. சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய சாமான் சந்தையில் அதே காரின் பேனல் கிடைத்தால் வாங்கி அதை வெட்டிவிட்டு, அசல் பேனலைப் பரணில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். காரை விற்கும்போது கை கொடுக்கும். வட்டத் துளை அறுக்கும் ஹோல் சாவை மெதுவான வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி ஒட்டிக்கொள்ளும். கேஜின் உடலுக்குப் பின்னால் வயர் வளைந்து திரும்ப இன்னும் ஓர் அங்குலமாவது வேண்டும் என்பதைத் துளை போடும் முன் பார்க்க வேண்டும். பசையை நம்பாதீர்கள். டேஷ்போர்டு பாகங்கள் பல பாலிபுரொப்பிலீன் வகை. அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. கேஜோடு வரும் யு வடிவத் தகட்டையும் இரண்டு நட்டையும் போட்டு இறுக்கினால் போதும்.

தனிக் கூடு செய்து மாட்ட நினைக்கிறவர்கள் இப்போது முப்பரிமாண அச்சுக் கடைகளுக்குப் போகிறார்கள். அங்கே வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு எழுபதைத் தாண்டும். கூடு அப்பள மாவாகத் தொய்ந்துவிடும். ஏஎஸ்ஏ என்று கேளுங்கள்; 100 டிகிரி வாக்கில்தான் இளகும், வெயிலுக்கு வெளுக்காது. விளிம்புகளை மழுக்கச் சொல்லுங்கள். கார் உட்புறத்தில் தலை மோதக்கூடிய இடங்களில் துருத்தும் விளிம்புக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு வேண்டும் என்பது ஐ.நா.வின் 21-ஆம் வாகன விதி. நம் கூட்டை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, மோதப்போவது நம் வீட்டுப் பிள்ளைகளின் தலை.

அடுப்பிலேயே ஒரு சோதனை

காரில் மாட்டும் முன் நிஜமான அடுப்படிக்கே போகலாம். கேஜைப் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் இணைத்து, சென்சாரின் முனை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் முங்கும்படி பிடியுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டாம், அடி தண்ணீரைவிடச் சூடு. சமையலுக்குத் திரும்பப் போகாத பாத்திரமாக எடுங்கள். சென்னையில் இருப்பவருக்கு 100 காட்ட வேண்டும். ஊட்டியில் இருப்பவருக்கு 100 காட்டினால் கேஜ் தப்பு. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஐந்தாறு என்றால் எர்த்தைப் பாருங்கள், அப்புறம் கடைக்காரரைப் பாருங்கள்.

கேஜில் அலாரம் இருந்தால், மாட்டி முடித்ததும் அதை உடனே வைக்க வேண்டாம். உங்கள் கார் சமவெளியில் எவ்வளவு, நெரிசலில் எவ்வளவு, ஏசியோடு மலை ஏறினால் எவ்வளவு என்று பழகிப் பாருங்கள். மலையில் நூறைத் தாண்டுவது பல கார்களுக்குச் சகஜம். பழகிய உச்சத்துக்கு ஐந்தாறு டிகிரி மேலே அலாரத்தை வைத்தால் அர்த்தமுள்ள அலாரமாக இருக்கும். அலாரம் அடித்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திருப்பி, ஓரம் கட்டும் இடம் தேடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். உள்ளே வியர்த்துக் கொட்டினாலும் எஞ்சினுக்கு நல்லது.

சூடு ஏறிக்கொண்டே வந்து திடீரென்று முள் சரிந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் இல்லாத குக்கர் விசில் அடிக்காது. அமைதியாக இருக்கும், அடியில் பருப்பு கருகிக்கொண்டிருக்கும். கடைசியில் சேஃப்டி வால்வ்தான் பேசும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டிவிட்டால் சென்சாரின் முனை காற்றிலும் ஆவியிலும் தொங்கும். திரவத்தின் சூடு அதற்கு எட்டாது, அளவு இறங்கியதாகக் காட்டும். அந்தக் கணத்தில் எஞ்சினை அணைப்பதுதான் ஒரே வேலை. தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் ஹெட்டை வளைக்கும். மூடியைத் திறப்பது அப்புறம். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் அமுங்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எந்த ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுத்தோம், எத்தனை ஆம்பியர், சென்சார் எந்த ஹோஸில், எர்த் எங்கே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, மேலே டேப் போட்டு விடுங்கள். அடுத்து அந்தக் காரைப் பிரிக்கப்போகிற மெக்கானிக்குக்கு உங்களைத் தெரியாது.